ஓர் ஆள் தேய்க்கிற கட்டை

மாப்ள,

"வீட்ல எத்தனை பேரு சார்?" என்று கேட்டார் விளக்குத்தூண் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர். பூரிக்கட்டை வாங்க வந்தவனிடம் கேட்கிற சாதாரணக் கேள்விதான். ஆளுக்குத் தகுந்தபடி நீளம் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். "ஒருத்தர்தான்" என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் கொடுத்த கட்டையிலிருந்து புது மர வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. அந்த வாசனை வரும்போது பக்கத்தில் நீ நிற்க வேண்டும். இன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி இறந்த அதே வருடம்தான் உனக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக மடங்காமல் போனது. ஒரு சனிக்கிழமை காலை வாசலில் வந்து நின்றாய். "ஓவன் சும்மாதானே கெடக்கு மாப்ள. டாக்டரு கைக்கு வேலை குடுக்கச் சொல்லியிருக்காரு. வா, பிஸ்கட் போடுவோம்" என்றாய். நீ காலமெல்லாம் வாடிப்பட்டி பஸ் ஓட்டியவன். நான் அதே வண்டியில் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய் வந்த கிளார்க். இரண்டு பேருக்கும் வெந்நீர் வைப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவளுடைய பூரிக்கட்டையை எடுத்து மாவைத் தேய்த்தோம். அது நடுவில் பருத்து ஓரங்களில் சிறுத்தது. பூரிக்குச் சரி, பிஸ்கட்டுக்கு ஆகாது என்று நமக்கு யார் சொல்வது? நடுவில் இருந்தவை கரி, ஓரத்தில் இருந்தவை பச்சை மாவு. "கட்டைதான் கோளாறு. ரோடு சரியில்லாட்டி டிரைவர் என்ன செய்வான்?" என்று என்னை இதே கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாய்.

நீ அன்று கட்டை எடுத்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடையையே புரட்டிப் போட்டுவிட்டாய். பாலிஷ் போட்டது வேண்டாம், மாவு ஒட்டும் என்று போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாய். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசை மேல் உருட்டிவிட்டு, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாய். கடைசியில் கைப்பிடி தனியாகச் சுழலும் நீளக் கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டாய்.

"அது ஹோட்டல்காரங்க வாங்குறது சார்" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்ணே. நாங்க ரெண்டு பேருல்ல தேய்க்கப் போறோம். ஆளுக்கொரு கைப்பிடி" என்றாய். நின்றிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் மூன்று வருடம். சனிக்கிழமை தவறாமல் என் வில்லாபுரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தோளோடு தோள் இடிக்க நின்றோம். வலது கைப்பிடி உன் வலது கைக்கு, இடது கைப்பிடி என் இடது கைக்கு. ஓமம் போட்ட உப்பு பிஸ்கட்தான் நமக்கு ஓரளவு கைவந்தது. உன் கை அந்தக் கைப்பிடி மேல் பேருக்குக் கிடக்கிறது, தேய்க்கிறதெல்லாம் நான்தான் என்று நினைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்துவேன். யாராவது எங்காவது கூப்பிட்டால், "சனிக்கிழமை தோதுப்படாது, கூட்டாளிக்குக் கைப்பயிற்சி" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்வேன். நீயும், "ஆமா, இவன் இல்லாட்டி என் கை வெளங்காமப் போயிருக்கும்" என்று ஒத்து ஊதுவாய்.

நீ தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன சனிக்கிழமைதான் மறுபடி மாவைத் தொட்டேன். இரண்டு கைப்பிடியையும் நானே பிடித்துக்கொண்டேன். கையை அகட்டி அகட்டித் தோள் விட்டுப்போனது. ஓவனைத் திறந்தால், இடப்பக்க வரிசை முழுக்க மெலிந்து கருகியிருந்தது. வலப்பக்க வரிசை தடித்து, வேகாமல் கிடந்தது. மூன்று வருடப் பழக்கத்தில் என் இடது கை மட்டும் பேய்த்தனமாக அழுத்துகிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நான் இப்படி அழுத்தியும் அப்போதெல்லாம் மாவு ஒரே சீராகத்தானே வந்தது? அப்படியென்றால் அந்தப் பக்கம் நீயும் இதே அளவு அழுத்தியிருக்க வேண்டும்.

தேறியவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் கை எப்போது தேறியது என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

"அவரு கை ஆறு மாசத்துலயே சரியாப் போச்சுண்ணே" என்றாள். "தண்ணிக் குடத்தையே தூக்கிருவாரு. 'அவன்கிட்டச் சொல்லிராத, அப்புறம் எதுக்கு வாரேன்னு கேப்பான். ஒத்தையில கெடப்பான்'னு என் வாயை அடைச்சிட்டாருண்ணே."

டப்பாவை நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, "நீங்க எப்பிடிண்ணே இருக்கீங்க?" என்றாள். ஒத்தையில இருக்க முடியல தங்கச்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பிஸ்கட் கொஞ்சம் வேகலம்மா, பாத்துச் சாப்புடு" என்றுதான் வந்தது. அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், அவளிடம் போய் என்னத்தைச் சொல்வது என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அதனால்தான் இன்று கடைக்குப் போனேன். நானும் கண்ணாடி மேல் உருட்டி, குனிந்து பார்த்தேன். சின்னக் கட்டை, கைப்பிடி கிடையாது. இரண்டு உள்ளங்கையையும் கட்டை மேலேயே வைத்துத் தேய்ப்பது. அதை எடுத்துவந்து மாவு பிசைந்து போட்டும் பார்த்துவிட்டேன். நம்பமாட்டாய், அத்தனை பிஸ்கட்டும் ஒரே கனம், ஒரே நிறம். திட்டுவதற்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்றைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்ல?

எனக்கு உன் மேல் கோபம், மாப்ள. மூன்று வருடம் உனக்கு நான் உபகாரம் செய்கிறேன் என்று என்னை நம்ப வைத்துவிட்டாய். துணைக்கு வாடா என்று உன்னிடம் ஒரு தடவைகூட நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கும் முன்னே நீ வாசலில் நின்றாய். அதனாலேயே எனக்குக் கேட்கப் பழகாமல் போய்விட்டது. இந்த வயதில் அதை யாரிடம் போய்ப் பழகுவது? உன்னிடமே ஆரம்பிக்கிறேன். வரமாட்டாய் என்று தெரியும், அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமை வாரியா, மாப்ள?