மூன்றாம் வரிசையில் என் இடம்

மார்ச் 4, புதன்

இன்று தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். கழுத்துக் கட்டியை எடுத்தபோது அடிபட்ட நரம்பு இன்னும் விழிக்கவில்லையாம். "ஆறு மாசத்துல குரல் வரலாம். ஒரு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்மா." மூன்றையும் ஒரே தொனியில் சொன்னார், சட்டை அளவு சொல்வதுபோல.

வாயைத் திறந்தால் வெறும் காற்று. நல்லவேளை, நூலகத்தில் வேலை. குரல் போனால் நல்ல பெயர் கிடைக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஆனால் சபையின் பாடகர் குழு? பள்ளி முடிந்த வருடத்திலிருந்து மூன்றாம் வரிசையில், பெண்களின் கீழ்க்குரலில், நிற்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அதுதான்.

மார்ச் 7, சனி

ஒத்திகை. பாடகர் குழு மாஸ்டர் என்னைக் கண்டதும் கையை இறக்கினார். "நீ கீழ உக்காரும்மா. குரல் வந்ததும் வா. உன் இடம் எங்க போகப்போகுது?"

இடம் போகாது. நான் போய்விடுவேன். முதலில் பின்பெஞ்சு, அப்புறம் வாசலோரம், அப்புறம் வீடு. கடைசியில் கர்த்தரையும் மறந்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

"காத்திருக்கணும்னா இங்கயே நின்னு காத்திருக்கேன் மாஸ்டர்" என்றேன் காற்றுக் குரலில்.

பக்கத்தில் நிற்பவள் குரலுக்காகவே வெண்கலம் என்று பெயர் வாங்கியவள். "நிக்கட்டும் மாஸ்டர். அவ பங்கையும் சேத்து நானே பாடிடுறேன்."

"நீ ஏற்கெனவே நாலு பேர் பங்கப் பாடிட்டிருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஏறிப்போய் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அங்கி போட்டு, புத்தகம் விரித்து, வாயசைத்தேன். கர்த்தரே, பார்த்துக்கொள்ளும். வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

விசுவாசம் போதவில்லை என்றார் ஒருவர். கர்த்தர் உனக்கு ஏதோ பாடம் கற்றுத்தருகிறார் என்றார் இன்னொருவர். பாடமா? புத்தகமும் கையுமாக வாழ்கிறவள் நான். எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால் படித்திருப்பேனே. அதற்குத் தொண்டையையா கேட்பார்?

அப்படிப்பட்டவர் அவர் இல்லை. எனக்கு அவரைத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மே 17, ஞாயிறு

இன்று ஆராதனையில் நடந்தது இது.

சாட்சி நேரம்; கர்த்தர் செய்த நன்மையை எழுந்து எல்லோர் முன்னும் சொல்வார்கள். அத்தை திடீரென்று எழுந்தாள். என் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறாள்; வெண்கலத்தின் குரலைக் கேட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். "என் தம்பி மகளுக்குக் குரல் வந்துடுச்சு! என் ரெண்டு காதாலயும் கேட்டேன்! ஸ்தோத்திரம்!"

சபையே கைதட்டியது. போதகரின் கண் கலங்கிவிட்டது. மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

சிரித்துத் தலையாட்டியிருக்கலாம். எத்தனை பேருக்குச் சந்தோஷம்!

"வரல" என்றேன். அந்தக் காற்றை ஒலிபெருக்கி கடைசி பெஞ்சு வரை கொண்டுபோனது. "குரல் இன்னும் வரல. நான் வந்திருக்கேன். அவ்வளவுதான்."

கைதட்டல் பாதியில் அறுந்தது.

வீட்டில் அத்தை பொரிந்து தள்ளினாள். "மானத்த வாங்கிட்டியேடி! விசுவாசத்துல ஆமான்னு சொல்லியிருந்தா அவர் குடுத்திருக்க மாட்டாரா?"

சமையலறையிலிருந்து அம்மா: "அவர ஏமாத்தியா வாங்கணும் அண்ணி?"

அத்தை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

மே 18, திங்கள்

ஜெபம் வரல. கோவந்தான் வருது. ஆமா, உம்ம மேலதான். வேற யார் மேல? ஒரு பொய் சொல்லியிருந்தா நேத்து ஊரே உம்மப் புகழ்ந்திருக்கும். உமக்காகத்தான் சொல்லாம விட்டேன். அதுக்காவது ஒரு வார்த்த — ஒரு சின்ன அசைவு — கூடாதா?

உம்மைப் பற்றிய புகாரை உம்மிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதென்ன நியாயம்?

முழங்கால் போடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீரும் பேச வேண்டாம், நானும் பேசவில்லை. யார் முதலில் எழுந்து போகிறார் என்று பார்ப்போம்.

மே 19, செவ்வாய்

யாரும் எழவில்லை.

ஜூலை 11, சனி

டாக்டர் மறுபடி பார்த்தார். நரம்பு அப்படியேதான் இருக்கிறதாம்.

வேலைக்குக் கிளம்புமுன் தினமும் நாற்காலி. எதுவும் கேட்பதில்லை. சில நாள் முறைக்கிறேன். சில நாள் வெறுமனே இருக்கிறேன். எதிரில் யாருமில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. வரிசையில் சத்தமில்லாமல் நிற்கும்போது மற்றவர்கள் மூச்சிழுப்பது கேட்கிறது. பாட்டு தொடங்குமுன் முப்பது பேரின் ஒரே மூச்சு. இத்தனை வருடம் அதைக் கேட்டதே இல்லை. இதைப் பாடம் என்று யாராவது சொன்னால் கடித்துவைப்பேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இத்தனை நாள் முகம் கொடுக்காமலிருந்த அத்தை, ஆராதனைக்கு முன் வந்து என் அங்கியின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள். "நிக்கிறதுதான் நிக்கிற, வாய நல்லாத் திறந்து நில்லு. கொட்டாவி விடுறவ மாதிரி இருக்கு."

திறந்து நின்றேன்.

அக்டோபர் 10, சனி

ஒத்திகையில் மாஸ்டர் பாதியில் நிறுத்தினார். "மூணாவது வரிசையில யாரோ சுருதி இறங்குறீங்க. யாரது?"

"சத்தியமா நானில்ல மாஸ்டர்" என்றாள் வெண்கலம்.

மறுபடி பாடினோம். மறுபடி நிறுத்தினார். "காதுல விழலயா? துருப்பிடிச்ச கதவு மாதிரி ஒரு சத்தம்! யாருன்னு..."

அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. வெண்கலமும் திரும்பினாள். நான் தொண்டையில் விரல் வைத்தேன். தோலுக்கு அடியில் அதிர்வு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சுருதி இறங்குதும்மா" என்றார். "கவனி. எல்லாரும் முதல்லருந்து."

நாளை சாட்சி சொல்லச் சொல்வார்கள். அத்தையே சொல்லட்டும், அவளுக்கு அது பாக்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி வாய்விட்டுப் பேசலாம். பேசத் தோன்றவில்லை. வழக்கம்போல இருவரும் உட்கார்ந்திருந்தோம்.