கோப்பைக்குள் பாம்பு

பெரிய காஞ்சிபுரம்
12-3-1967

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவில் உங்கள் சீன முதலாளியின் மகள் கட்டியிருப்பது நான் நெய்த மயில் கரைப் புடவை. விற்கத்தானே பினாங்குக்கு எடுத்துப் போனீர்கள்?

போன கடிதத்திலும் இதையே கேட்டதற்குக் கதை எழுதியிருக்கிறீர்கள். விருந்துக்குப் போனவன் கோப்பைக்குள் பாம்பைக் கண்டானாம். குடித்துவிட்டுப் பயத்தில் படுத்த படுக்கையானானாம். அது சுவரில் மாட்டியிருந்த வில்லின் நிழலாம். வீண் சந்தேகத்தைச் சீனர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். முதலாளி மகளே உங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னாளாம்.

"அவன் சொல்றது சரியாத்தான் இருக்குதுமா" என்கிறார் உங்கள் அம்மா.

இருக்கட்டும். ஆனால் விருந்துக்குப் போனவன் நோய் கடிதத்தால் தீரவில்லையே. விருந்து வைத்த நண்பன் திரும்ப அழைத்து, அதே இடத்தில் உட்கார வைத்து, வில்லைக் காட்டிய பிறகுதானே எழுந்தான்? எனக்கும் கப்பல் டிக்கெட் அனுப்புங்கள். உங்கள் சுவரில் வில் இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

தறியில் தனியாக உட்கார்ந்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி