நிறம் திருத்திய படம்

ஜனவரி 19, 2024
திவ்யாவும் பாப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து திருவிடந்தையில் என் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிறந்து மூன்றாம் நாள். திங்கட்கிழமை ரத்தம் பார்க்கக் கூட்டி வரச் சொன்னார் நர்ஸ். அன்றைக்குத்தான் எனக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கல்யாண ஜோடி ஷூட்டிங்.

ஜனவரி 20
பாப்பா அழுவதே இல்லையாம். என்ன சமர்த்து!

ஜனவரி 22
ஷூட்டிங் நடுவே திவ்யா போட்டோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "கொயந்த மஞ்சளா கீது. பாலும் குடிக்காம தூங்கினே கீது. வாயேன்." உங்கள் வீட்டு குண்டு பல்பில் யாரை எடுத்தாலும் மஞ்சளாகத்தான் விழும் என்றேன், பெரிய போட்டோகிராபர் மாதிரி. காலை வெயிலில் காட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை போகலாம் என்றேன். சாயங்காலம் லேப்டாப்பில் அந்தப் படத்தின் மஞ்சளைக் குறைத்து, கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஜா நிறம் ஏற்றி ஸ்டேட்டஸ் வைத்தேன். எல்லாரும் வாழ்த்தினார்கள்.

ஜனவரி 24
உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். உடம்பு பின்பக்கமாக வளைகிறது. அழுகை கீச்சென்று, குழந்தைக் குரலாகவே இல்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் இருக்கும் ரத்தத்தையே மாற்றுகிறார்கள். திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டார் டாக்டர் ஷாரோன். திவ்யா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 25
நான்தான். வேற யாரு?

பிப்ரவரி 12
மூளை ஸ்கேன். பால் கொடுத்துத் தூங்கவைத்து, துணியில் இறுக்கிச் சுற்றி உள்ளே அனுப்பினார்கள். பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், மொச்சைக்கொட்டை அளவுக்கு வெள்ளை. மஞ்சள் காமாலை போய்த் தங்கிய இடமாம். கை கால் அசைவை நடத்துகிற இடம். காதும் போயிருக்கலாம், ஏப்ரலில் சோதிக்கலாம் என்றார்.

மெஷின் கோளாறாக இருக்குமோ என்று கேட்டுவிட்டேன். அதே வாய்!

"மெஷின் சரியா இருக்கு பார்த்திபன்," என்றார்.

மார்ச் 3
ஸ்டேட்டஸ் படத்தை எப்போதோ அழித்துவிட்டேன். மாமியார் அதை பிரிண்ட் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 14
காது சோதனைக்கு இன்னும் ஆறு நாள். மாலையில் தெருவில் சாமி புறப்பாடு. முதல் வேட்டுக்கே ஜன்னல் கதவு அதிர்ந்தது. நானும் திவ்யாவும் ஒரே நேரத்தில் பாப்பாவைப் பார்த்தோம். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்கூடச் சிமிட்டவில்லை. இரண்டாவது வேட்டு. மூன்றாவது.

திவ்யா எழுந்து போய் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள். அடுத்த வேட்டுக்காக நின்றுகொண்டிருந்தோம்.