தம்பி நீட்டாத கால்

என் பிடிவாதக்காரத் தம்பி முருகேசுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. வேறு யாரிடம் காட்டுவது? நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் தாய்லாந்து மசாஜ் கடைக்கு ஞாயிறுதோறும் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்து உட்காருவாய். தோளைப் பிடித்துவிடச் சொல்வாய், கையைக் கொடுப்பாய். காலைக் கேட்டால் மட்டும் சாக்ஸோடு நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாய்.

"அக்கா போய் தம்பி காலைத் தொடறதா? எனக்குத்தான் ஆயுசு கொறையும்."

எத்தனை முறை சொல்லியிருப்பேன்? குதிகாலிலிருந்து ஐந்து விரல்களுக்கும் ஐந்து கோடுகள், சக்தி ஓடும் வழி என்பார்கள், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். தாய்லாந்துக்காரர்களுக்கும் கால் என்றால் தாழ்ந்ததுதான். ஆனாலும் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறார்கள். அதற்கும் முன்னால், வெந்நீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை பார்ப்போம். புண் இருந்தால் அழுத்த மாட்டோம், டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். முன்பின் தெரியாதவர்கள் காலையெல்லாம் அப்படிப் பார்த்தவள், கூடப் பிறந்தவன் காலைப் பார்க்கவில்லை.

நீயோ சர்க்கரைக்காரன். ஷிப்யார்டில் நாள் முழுக்க பூட்ஸுக்குள் வெந்த கால். உள்ளங்காலில் புண் வந்தது உனக்கே தெரியவில்லை, அவ்வளவு மரத்துப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோதுதான் நானே பார்த்தேன். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. ஆயுசுக்குப் பயந்தாயே, எவ்வளவு மிச்சமாயிற்று?

போன வாரம் உன் அறைக் கூட்டாளி செல்வம் வந்தான். அவனுக்கும் சர்க்கரை. காலைக் கேட்டேன். "ஐயோ அக்கா, நீங்க பெரியவங்க, வேணாம் லா" என்று அவனும் இழுத்துக்கொண்டான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "ஒன் கூட்டாளியும் இதையே சொல்லிட்டுத்தான் போய்ச் சேர்ந்தான். நீட்டுடா காலை" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. நீட்டிவிட்டான். சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டால், புண்ணா என்று அப்போதுதான் குனிந்து பார்க்கிறான். அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, கால் தப்பித்தது.

ஓர் அதட்டல், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதை உன்னிடம் ஏன் செய்யவில்லை? வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பிடிக்கிற எனக்கு, என் காலைத் தொடாதே, நீ பெரியவள் என்று சொல்ல நீ ஒருவன் இருந்தாய். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்ததடா. அதை இழக்க மனசு வரவில்லை. இத்தனை நாள் உன்னைத் திட்டியதெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான்.

இனி அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அக்கா என்று கூப்பிட்டு எவன் காலை இழுத்துக்கொண்டாலும், சாக்ஸை நானே கழற்றுவேன்.

உன் காலைப் பிடித்து இழுத்திருக்க வேண்டிய,
அக்கா