கணினியில் பிடிபட்ட காளைக்காக ஞாயிற்றுக்கிழமை ஓர் உயிர் போகாமல் தடுக்கக் கோரி

அனுப்புநர்
    க. அன்புச்செல்வி,
    பட்டதாரி ஆசிரியர், கணிதம் (ஓய்வு),
    க/பெ கண்ணுசாமி (மறைவு),
    பள்ளிக்கூடத் தெரு, செங்கொல்லைவயல்,
    கறம்பக்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
    மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
    புதுக்கோட்டை.

பொருள்: என் மகளையும் கண்ணன் என்ற இளைஞரையும் தாக்கியவர்கள் மீது வழக்குப் பதியவும், கண்ணனை வருகிற ஞாயிறன்று காளை முன் நிறுத்துவதைத் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 16.02.2025 ஞாயிறு காலை, விலா எலும்பு முறிந்திருக்கும் கண்ணனை எங்கள் ஊர்த் தரிசில் ஒரு காளையின் முன் நிறுத்தப் போகிறார்கள். அந்தக் காளையை அவர் ஏற்கெனவே ஒருமுறை அடக்கிவிட்டார் என்பதுதான் அவர் மீதுள்ள குற்றச்சாட்டு. அப்படி ஒரு சம்பவம் எங்குமே நடக்கவில்லை. இனி வருவதைத் தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. என் மகள் சுடர்விழி சென்னையில் கணினி வரைகலையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சினிமாவுக்குக் கணினியில் ஒரு காட்சி வரைய எத்தனை மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். இவள் படிப்பில் அந்த அவகாசம் கிடையாது. கண்ணில் மாட்டும் திரைக்கண்ணாடி வழியாகப் பார்ப்பவர் தலையைத் திருப்பினால், திரும்பிய பக்கத்துக் காட்சியைக் கணினி அந்த நொடியிலேயே, கண் இமைப்பதற்குள் பல படங்களாக வரைந்து தள்ள வேண்டும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு வகுப்பின் விடைத்தாள் முழுவதையும் திருத்தச் சொன்னால் நாங்கள் என்ன செய்வோம்? எந்த வரியைப் படிக்காமல் விட்டாலும் மதிப்பெண் மாறாதோ அதை விடுவோம். ஒளியின் எந்தக் கதிரைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் எடுத்துக்கொண்டது புழுதி. ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வாடிவாசல் புழுதி முழுவதும் மின்ன வேண்டும். உள்ளே ஓடும் மாட்டின் நிழல் அந்தப் புழுதியின் மேலேயே விழ வேண்டும். ஆளும் மாடும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சுழன்றால்தான் கணக்கு சரியா என்று தெரியுமாம்.

3. அதற்கு எங்கள் ஊர் திரு. உடையப்பன் அவர்கள் தம் காளை சின்னராசுவைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்க மனமுவந்து அனுமதி தந்தார். குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, அவரே கயிற்றைப் பிடித்து நின்றார். அந்தப் படங்களிலிருந்து கணினிக்குள் ஒரு சின்னராசு உருவானது. இடது கொம்பின் கீறல் உட்பட. பிடிப்பவனின் உருவம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று மாணவர்களுக்காகப் பொதுவில் தந்தது. அது யாருடைய முகமும் இல்லை.

4. பொங்கலுக்கு வந்த என் மகள் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தாள். சென்ற மாதக் கடைசியில் புழுதி சரியாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் அவள் அதைச் சிறு காணொளியாக்கித் தன் கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைத்தாள். கீழே விளக்கமும் எழுதியிருந்தாள். யாரோ அந்த விளக்கத்தை வெட்டிவிட்டுக் காணொளியை மட்டும் மாடுபிடி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். அதில் சின்னராசு பிடிபடுகிறது. எந்த வாடிவாசலிலும் பிடிபடாத மாடு என்று பெயரெடுத்த காளை அது. மறுநாளே டீக்கடையில் உடையப்பன் அவர்களிடம், “என்ன மாமா, சின்னராசுக்குச் சேலை எடுத்தாச்சா?” என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை போல வளர்த்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் காளையைப் பிடிபட வைத்தது என் மகளின் பிழை. அதற்கு அவள் அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கத் தயாராகவே இருந்தாள்.

5. அதற்கு அவகாசம் தரப்படவில்லை. 05.02.2025 காலை, நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, உடையப்பன் அவர்களின் அக்காள் மகன் அழகுமலை நான்கு பேருடன் என்னைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் புகுந்தார். என் தலை படிக்கட்டில் மோதியது. நான் எழுந்து உள்ளே போவதற்குள் கணினித் திரையை அரிவாளின் பின்புறத்தால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். வெறுங்காலுடன் ஓடிய என் மகளின் பாதம் கண்ணாடியில் கிழிந்து கூடமெல்லாம் இரத்தம். “இந்தக் கைதானடி படம் எடுத்துச்சு?” என்று கேட்டு, அவளது வலது கையைக் கதவு நிலையில் வைத்து அழுத்திக்கொண்டு, அழகுமலை கதவை அறைந்து சாத்தினார். திறந்து மறுபடியும் சாத்தினார். “தம்பி, அது படம் எடுத்ததில்லப்பா, வரைஞ்சது” என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “வரஞ்சதுன்னா மாடு எப்படி டீச்சர் மூச்சு விடும்?” என்றார். விரல் எலும்புகள் நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

6. அன்று மதியமே, காணொளியில் இருப்பது கருப்பன் மகன் கண்ணன்தான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். கண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். ஒரு கன்றுக்குட்டியைக்கூடப் பிடித்ததில்லை. தங்கை மகள் காதுகுத்துக்கு வந்தவரை அழகுமலையும் அவர் ஆட்களும் பேருந்து நிறுத்தத்தில் வைத்து, மாட்டுக்கயிற்றால் இரண்டு கையையும் கட்டிச் சாலையில் இழுத்தார்கள். விலாவில் மிதித்தார்கள். இடது காது பாதி கிழிந்து தொங்கியது. “எந்த ஊரு வாடிவாசல்ல புடிச்ச, சொல்லுடா” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். என்ன சொன்னால் அடி நிற்கும் என்று தெரியாமல் அவர் கடைசியில், “ஆமாண்ணே, நாந்தான் புடிச்சேன்” என்று சொல்லிவிட்டார். அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார்கள். இன்று ஊருக்கு அதுதான் சாட்சி.

7. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். உதவி ஆய்வாளர் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “பர்மிஷன் ஆர்டர் எங்கம்மா?” என்று கேட்டார். அனுமதியின்றி ஜல்லிக்கட்டு நடத்தியதாக என் மகள் மீதும், கலந்துகொண்டதாகக் கண்ணன் மீதும் வழக்கு எழுதப்பட்டது. எங்களைத் தாக்கிய புகாருக்கு ரசீதுகூடத் தரவில்லை. மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டி அடிபடாமல் தப்பியிருந்தது; திரைதான் கணினி என்று நினைத்து அழகுமலை ஆட்கள் அதை விட்டுவிட்டார்கள். ஆய்வு முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதைச் சான்றுப் பொருள் என்று நிலையத்துக்கு எடுத்துப் போன காவலர்கள், இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.

8. ஐயா, அந்தக் காணொளியைத் தாங்களே ஒருமுறை பாருங்கள். கூட்டத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரே ஆள் பல இடங்களில் நிற்பார். இத்தனை பேரில் ஒருவர் கையிலும் கைப்பேசி உயர்ந்திருக்காது. நம் மாவட்டத்தில் இன்று அப்படி ஒரு ஜல்லிக்கட்டு உண்டா? இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் புகைப்படத்தைத் தந்தால் அதன் பின்சுவரை உங்களால் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கே வந்தால் சுற்றிப் பார்க்கலாம். கைப்பேசியில் எடுத்தது புகைப்படம் மாதிரி. அந்தப் பெட்டிக்குள் இருப்பது பள்ளிக்கூடம் மாதிரி. அதே காட்சியை மாட்டின் வயிற்றுக்குக் கீழிருந்து பார்க்கலாம், சூரியனை மறுபக்கம் வைக்கலாம், ஆளை எடுத்துவிட்டு மாட்டை மட்டும் ஓடவிடலாம். நடந்ததைப் படம் பிடித்திருந்தால் இதில் ஒன்றுகூட முடியாது.

9. 10.02.2025 அன்று கூடிய ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேன். “டீச்சர், ஒக்காருங்க, இது பாடமில்ல” என்றார்கள். உடையப்பன் அவர்கள், “அந்தப் பய ஞாயித்துக்கெழம நம்ம ஊர்லயே எம்மாட்டப் புடிக்கட்டும். புடிச்சா மாடே அவனுக்கு. புடிக்கலேன்னா அந்தப் படம் பொய்யின்னு எல்லாரும் ஒத்துக்கங்க” என்றார். கூட்டம் கைதட்டியது. வந்திருந்த உதவி ஆய்வாளரும், “சரி, அதோட சமாதானமாப் போயிருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படம் பொய் என்று ஊர் ஏற்க வேண்டுமானால் கண்ணன் குத்துப்பட வேண்டும். வர மறுத்தால் வீட்டைக் கொளுத்துவோம் என்று அவர் தகப்பனாரிடம் அழகுமலை சொல்லியிருக்கிறார். அதனால் கண்ணன் ஒத்துக்கொண்டார். புளியந்தோப்பை ஒட்டிய தரிசில் நேற்றிலிருந்து கழி ஊன்றுகிறார்கள். சின்னராசுவின் கொம்பைக் கண்ணாடிச் சில்லால் சீவுவதை நானே கண்ணால் பார்த்தேன்.

10. ஆகவே, ஞாயிறன்று அந்த மாடு அவிழ்க்கப்படாமல் காவல் போட்டுத் தடுக்க வேண்டுகிறேன். கண்ணன் குடும்பத்துக்குப் பாதுகாப்பும், தாக்கியவர்கள் மீது உரிய பிரிவுகளில் வழக்கும் வேண்டும். கணினிப் பெட்டியைத் தங்கள் அலுவலர் முன்னிலையில், ஊர் மக்களும் உடையப்பன் அவர்களும் பார்க்கத் திறக்க உத்தரவிடுங்கள். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் திரை இருக்கிறது. என் மகளின் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் இயக்குவேன்.

11. இதை நேற்றே தபாலில் அனுப்பியிருப்பேன். நேரில் கொண்டுவரத் துணிந்ததற்குக் காரணம் இது. நேற்று மாலை கண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டே என் மகளின் மருத்துவமனைக் கட்டிலருகே வந்து நின்றார். “அக்கா, ஒங்க படத்துல அவன் எந்தப் பக்கமாப் போயி திமில அணைச்சான்? அத மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்” என்றார். என் மகள் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்கு மேல் எடுத்து வைத்தாள். பிறகு, “அவன் போகவே இல்ல தம்பி. நாந்தான் அவன் கையத் திமிலோட ஒட்டி வச்சேன்” என்றாள். கண்ணன் தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஊருக்குப் பேருந்து ஏறப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தங்கள் உத்தரவு கிடைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டு,

இடம்: புதுக்கோட்டை
நாள்: 12.02.2025

                                        தங்கள் உண்மையுள்ள,
                                        க. அன்புச்செல்வி

இணைப்பு: மருத்துவச் சான்றுகள் (இருவருக்கும்), பல்கலைக்கழக வழிகாட்டியின் கடிதம், காணொளிப் பதிவு.