நாற்பது செடிக்கு ஐந்து மார்க்கு

மதுரை,
14–9–1938

அன்புள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

நேற்று மாலை நம் கல்லூரியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பிரின்சிபால் தலைமையில் பதினோரு ஆசிரியர்கள் கூடி, இரண்டே முக்கால் மணி நேரம் விவாதித்து, தாவர சாஸ்திரத்தில் ஐந்து மார்க்கு கூடுதலாகக் கொடுக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை என்பதால் உடனே உனக்குத் தெரிவிக்கிறேன்.

மதுரை ஜில்லாவில் நாற்பது செடிகளைத் தன் கையால் சேகரித்து, காயவைத்து, தாளில் தைத்துக் கொடுப்பவருக்கு இந்த ஐந்து. தர்க்கம் போதிப்பவர் எழுந்து, உழைத்துப் பெற்றால் அது கூடுதல் ஆகாது, உழைக்காமல் பெற்றால் அது மார்க்கே ஆகாது என்றார். அதில் அரை மணி போயிற்று. தாளின் அகலத்துக்கு முக்கால் மணி. தைக்கும் நூல் வெள்ளையா பச்சையா என்பது முடிவதற்குள் இரண்டு தடவை காப்பி வந்துவிட்டது. வெள்ளை.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். உன் மகன் காசிமாயன் என் வகுப்பில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கால் பரீட்சையில் அவன் எடுத்தது முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். தை மாதம் செலக்ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் கல்லூரி அவனை இன்டர்மீடியட் பரீட்சைக்கு அனுப்பும். இதையெல்லாம் செய்தியாக மட்டும் சொல்கிறேன்.

நாம் படித்தபோது செடிகளை உன் பாய்க்கு அடியில் வைத்து அழுத்தினோமே, அது ஞாபகம் வந்தது. ஒரு மாதம் நீ புரளாமல் படுத்தாய். தங்கச்சி பாண்டியம்மாளை விசாரித்ததாகச் சொல்.

உன்,
வெள்ளைத்துரை

எழுமலை,
2–10–1938

அன்புள்ள மாப்ள,

கடிதம் கண்டேன். பாண்டியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். “செடி புடுங்குறதுக்கா மதுரைக்கு அனுப்புனோம்? இங்கன காட்டுல அம்புட்டும் சும்மாதானே கெடக்கு” என்றாள். பதினோரு பேர் கூடிப் பேசியதைச் சொன்ன பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது.

சமயநல்லூர்க் கண்மாய்க் கரையில் குடை பிடித்துக்கொண்டு நீ செடி தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாயுருவியைக் கீரை என்று மடி நிறையப் பறித்து வந்தாய். வேட்டியில் ஒட்டிய முள்ளை நான்தான் சாயங்காலம் வரை எடுத்தேன். திரும்பும் வழியில் பருத்திப்பால் குடித்தோம். உன் பங்கையும் சேர்த்து நான் குடித்தேன். இப்போது நீ அந்தச் செடிகளைப் பற்றி மணி அடித்தால் எழுந்து பாடம் சொல்கிறாய். மூன்று வருஷமாக எழுமலைப் பக்கம் தலை காட்டவில்லை.

நான் செலக்ஷனில் தேறாமல் நின்று ஊருக்கு வந்தவன். வண்டியில் வந்து இறங்கியபோது எங்கள் அய்யா ஒன்றும் கேட்கவில்லை. ஏரைக் காட்டினார். என் மகன் அப்படி வந்து இறங்கக் கூடாது. அதுதான் என் ஆசை. லீவுக்கு வந்திருக்கிறான். செடி சேகரிக்கிறான். கூடமாட நானும் நிற்கிறேன்.

நல்லகாமன்

மதுரை,
12–2–1939

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காசிமாயன் நாற்பது தாள்களையும் கொடுத்தான். இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையை மட்டும் திருப்பி, அடிப்புறம் தெரிய வைத்திருக்கிறது. காம்பில் இரட்டை முடிச்சு. இப்படிச் செய்கிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

பையனைக் கூப்பிட்டுக் குப்பைமேனித் தாளைக் காட்டினேன்.

“இது என்னடா?”

“செடி சார்.”

“என்ன செடி?”

“அய்யாவுக்குத் தெரியும் சார். நான் கட்டத் தூக்கிட்டு வந்தேன், அம்புட்டுத்தான். உசிலம்பட்டி பஸ்ஸு இன்ஜினப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன்.”

பஸ் இன்ஜினுக்கு மார்க்கு கொடுக்க எங்களிடம் தீர்மானம் இல்லை. செலக்ஷனிலும் அவன் முப்பத்தொன்றுதான். தீர்மானத்தில் ‘தன் கையால்’ என்று இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஐந்து கொடுக்க முடியவில்லை.

தங்கச்சியிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை.

வெள்ளைத்துரை

எழுமலை,
16–2–1939

லெக்சரர் வெள்ளைத்துரை அவர்களுக்கு,

மகன் வந்து இறங்கினான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

1920இல் உன் செடிக்கட்டும் என் செடிக்கட்டும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டையும் சேகரித்தது நான். இரண்டின் மேலும் படுத்தது நான். யாரைப் பார்த்து யார் செய்தது என்று புரொபசர் கேட்டார். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “நான்தான் சார் அவனப் பாத்துச் செஞ்சேன்” என்றேன். செடிக்கு எனக்குச் சைபர் போட்டார்கள், செலக்ஷனில் நின்றேன். உனக்குப் போட்டதில் நீ லெக்சரர் ஆனாய். ‘தன் கையால்’ என்பதை அன்றைக்கு நீ கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது.

இதைப் பத்தொன்பது வருஷம் சொல்லாமல் இருந்தேன். இனி பதில் எழுத வேண்டாம்.

நல்லகாமன்,
விவசாயம்

மதுரை,
24–2–1939

மாப்பிள்ளை,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் அல்ல, அலுவலகத் தகவல்.

உன் கடிதம் வந்த அன்று 1920ஆம் வருஷத்துச் செலக்ஷன் பதிவேட்டை எடுத்தேன். இந்தக் கல்லூரியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தும் அந்தப் பக்கத்தை நான் திறந்ததில்லை. வெள்ளைத்துரை, ஐம்பத்தெட்டு. நல்லகாமன், முப்பத்தொன்று.

பிறகு எங்கள் தீர்மானத்தை மூன்று முறை படித்தேன். அதில் தாளின் அகலம் இருக்கிறது. நூலின் நிறம் இருக்கிறது. எந்த வருஷத்து மாணவருக்கு என்பது இல்லை. தன் கையால் சேகரித்தவருக்கு ஐந்து என்று மட்டும் இருக்கிறது. ஆகவே நாற்பது தாள்களையும் சேகரித்தவர் பேருக்கே எடுத்துக்கொண்டேன். உன் முப்பத்தொன்றை முப்பத்தாறாகத் திருத்தி, ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்று யார் யாரைப் பார்த்துச் செய்தது என்பதையும் பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என் ஐம்பத்தெட்டைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டிருக்கிறார். ஏழு பேர். முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை. தர்க்கம் போதிப்பவரும் இருக்கிறார், ஆகையால் அவசரம் இல்லை.

தேறியவர்களுக்கு ஹால் டிக்கெட் எழுதும் குமாஸ்தா சின்னச்சாமி பேரைத்தான் பார்ப்பார், வருஷத்தைப் பார்க்க மாட்டார். உன் பேருக்கும் ஒன்று எழுதிவிட்டார். நான் தடுக்கவில்லை. இத்துடன் இருக்கிறது. எண் 47.

எனக்கு நாயுருவி இன்றைக்கும் கீரையாகத்தான் தெரிகிறது.

வெள்ளைத்துரை

எழுமலை,
6–3–1939

மாப்ள,

ஹால் டிக்கெட் வந்தது. இரண்டு நாள் மாடத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாண்டியம்மாள் எடுத்து, “இது எதுக்கு இங்கன கெடக்கு?” என்றாள். சொன்னேன். “முப்பத்தெட்டு வயசுல பரீட்சையா? ஊரு சிரிக்கும்” என்றாள். சிறிது நேரம் கழித்து, “அங்கன போயும் செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கிறவுகளுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துறாதீக” என்றாள். ஆக, போகச் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உன்னிடமுள்ள தாவர சாஸ்திரப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பு. படம் இருக்கிற புத்தகமாகப் பார். பேர்களெல்லாம் மறந்துவிட்டன, செடிகள் மறக்கவில்லை. உன் வீட்டில்தான் தங்குவேன். பாய் நான் கொண்டு வாரேன். பருத்திப்பால் நீ வாங்கித் தர வேண்டும்.

பரீட்சை இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு என்று போட்டிருக்கிறது. முதல் நாள் இங்கிருந்து மத்தியானப் பஸ்ஸில் கிளம்புகிறேன். அதில் காசிமாயன் கிளீனராக இருக்கிறான்.

நல்லகாமன்