காளவாய்க் காட்டில் உன் கை இறங்கிய நாள்

காளவாய்க் காட்டு மகராசி, என் சவேரியம்மாக்கா,

கல்லறைத் திருநாள் வருகிறது. ஊரே சுண்ணாம்பும் மெழுகுவத்தியுமாக அலைகிறது. உனக்காக அங்கே மெழுகுவத்தி ஏற்றப்போவது இதுதான் முதல் தடவை. உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் இதை உன் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கப்போகிறேன். அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேட்டால் கேட்கட்டும். உயிரோடு இருந்தபோதும் நம் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டவர்கள்தானே!

முதலில் சேதி. நம் கிணற்றுக்குக் கரண்டு வந்துவிட்டது. கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகள் சும்மா நின்று அசை போடுகின்றன. உன் கொழுந்தனார், என்னைக் கட்டிய மகராசன், சுவிட்சைத் தட்டிவிட்டுக் கலெக்டர் மாதிரி வரப்பில் நிற்கிறார். போன வாரம் பேய்மழை. மறுநாள் பயந்துகொண்டே போய்ப் பார்த்தேன். உன் காட்டுக் கத்தரிப் பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, அத்தனையையும் மண் குடித்துவிட்டிருந்தது. அங்கேயே நின்று அழுதேன். உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நம் பக்கம் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆன சமயம், ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஜில்லா பிரிந்தது, நம் வீட்டில் பாகம் பிரிந்தது. மூத்தவர், உன் புருஷன், காய்ச்சலில் போய் வருஷம் திரும்பவில்லை. உனக்குப் பிள்ளையும் இல்லை. நல்ல செம்மண் காடு முழுக்க எங்கள் பக்கம் வந்தது. மாமனார் உன் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"ஒனக்குக் காளவாய்க் காடு. அதுல வெள்ளாம எடுத்துச் சாப்புடுவன்னா இந்த வூட்டுல இரு. பொங்கலுக்குள்ள ஒண்ணும் வெளையலன்னா ஒங்கண்ணன் வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கான், ஏறிப் போயிரு."

காளவாய்க் காடாம்! யாரோ செங்கல் அறுக்க மேல்மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு, முள்ளையும் சாம்பலையும் உடைந்த கல்லையும் விட்டுப்போன பள்ளம். வெயில் காலத்தில் கால் நுழைகிற வெடிப்பு, மழைக்காலத்தில் வழுக்குகிற சேறு. ஆடுகூட அங்கே இறங்காது. அண்ணன் வீட்டுக்குப் போனாலோ, கடைசிவரை அண்ணி ஊற்றுகிற கஞ்சிக்குக் கையேந்த வேண்டும். நீ கதறுவாய் என்று நான் பக்கத்தில் வந்து நின்றேன். நீ என்னைப் பார்த்து, "ஆரோக்கியம், கடப்பாரை எங்க இருக்குது?" என்றாய். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

நாம் இரண்டு பேரும் செம்மண்ணில் பிறந்தவர்கள். மழை விட்ட மறுநாளே காட்டில் இறங்கிப் பழகிய கூட்டம். பெண்பிள்ளை ஏர் பிடிக்கக் கூடாதாம், அதனால் மண்வெட்டி. முதல் மழை விட்டதும் இறங்கி, ஈரத்தோடு வெட்டி, கிளறி, மிதித்து, முட்டி வரை சேறாகி, பெரிய வேலை முடித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அப்புறம் வெயில் அடித்தது பார்! வெட்டிய கட்டியெல்லாம் கல்லாக நின்றது. கடப்பாரை போட்டால் பொறி பறந்தது.

உன் கொழுந்தனார் மேட்டில் நின்று, "அண்ணி, அப்பிடியே அடுக்கி நெருப்பு வைங்க, நல்ல கல்லு வரும்" என்றார்.

"நீங்க வாய மூடிக்கிட்டுப் போறீங்களா, இல்ல அதுல ஒண்ண ஒங்க மண்டையில போடட்டுமா?" என்று நான் கத்தினேன். நீ என்னவோ எங்கள் சண்டையைக் காதிலேயே வாங்கவில்லை. மூலையில் கடப்பாரையை ஊன்றியபடி அசையாமல் நின்றாய். அது தானாகவே உள்ளே இறங்கியிருந்தது.

செங்கல்காரர்கள் வண்டிமாடு கட்டிய மூலை அது. மாடு மிதித்த கொள்ளுக்கொடியும் சாணமும் அங்கேயே மக்கிக் கிடந்தன. அதே பள்ளம், அதே மண், அந்த ஒரு மூலை மட்டும் பொலபொலவென்று இருந்தது. நீ ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"இது கெட்ட மண்ணு இல்ல புள்ள. பட்டினி கெடக்குது."

அடுத்த மழைக்கு நீ அவசரப்படவில்லை. ராகிக்களி கிண்டும்போது கையை நனைத்துத் தொட்டுப் பார்ப்போமே, ஒட்டினால் வேகவில்லை என்று? அதேபோலத் தினம் காலையில் பள்ளத்தில் இறங்கி மண்ணை உருட்டித் தொட்டுப் பார்ப்பாய். "ஒட்டுது, இன்னும் ஆவல" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்துவிடுவாய். சுற்றிலும் எல்லார் காட்டிலும் உழவு முடிந்துவிட்டது. பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் உருண்டை உன் கையிலிருந்து விழுந்து, தரையில் பட்டதும் உதிர்ந்தது. "வா புள்ள, இப்ப!" என்று நீ கூவியது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

கொத்தினோம். தண்ணீர் வடிய ஓரமாக வாய்க்கால் எடுத்தோம். காளவாய்ச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டினோம். அதன்மேல் நீ விதைத்தது என்ன? உன் சாப்பாட்டுக்கென்று மாமனார் அளந்து கொடுத்த கொள்ளு! அது பச்சைப்பசேலென்று படர்ந்து வெளிர்மஞ்சளாகப் பூ விட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். காய் பிடித்தால் போதும், மாமனாரைக் கூட்டிவந்து காட்டி வாயை அடைத்துவிடலாம். நீ இங்கேயே இருக்கலாம்.

நீ மண்வெட்டியோடு இறங்கி, பூவோடு சேர்த்து வெட்டி மண்ணுக்குள் மடக்க ஆரம்பித்தாய்.

உன் கையைப் பிடித்து இழுத்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? இதத்தான காட்டணும்?" என்றேன். "இந்த வருசம் வாய அடைக்கலாம், ஆரோக்கியம். அடுத்த வருசம்? மொதல்ல அது சாப்புடட்டும்" என்றாய். உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூழில் தண்ணீர்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். அந்த நிலைமையில் ஒருத்தி தன் சோற்றை மண்ணுக்கு ஊட்டுவாளா? அந்தத் தைரியத்தை உனக்கு யார் கொடுத்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மேட்டிலிருந்து மாமனார் பார்த்துவிட்டார். "சோத்த மண்ணுல போட்டு மிதிக்கறா! வண்டிக்குச் சொல்லி அனுப்புடா!" என்று மகனிடம் கத்தினார். ஆனால் உன் கொழுந்தனார் சொல்லி அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றார். மறக்கிற ஆளா அவர்?

மக்க விட்டோம். நடுவில் ஒரு நல்ல மழை. அப்புறம் ஒரு காலையில், கத்தரி நாற்று வைக்கலாமா என்று பார்க்க இரண்டு பேரும் போனோம். நீ மண்டியிட்டு விரலை வைத்தாய். விரல் போனது. உள்ளங்கை போனது. மணிக்கட்டு வரை உன் கை அந்த மண்ணுக்குள் இறங்கி நின்றது. கடப்பாரைக்குப் பொறி பறந்த மண், அக்கா! வெளியே எடுத்தபோது விரல் இடுக்கில் ஒரு மண்புழு நெளிந்தது. அந்தப் பள்ளத்தில் அதுவரை ஒரு புழு பூச்சியை நாம் பார்த்ததில்லை. எங்கிருந்து வந்தது அது? யார் சொல்லி வந்தது? நீ சிலுவை போட்டுக்கொண்டாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, எழுதும்போது இப்போதும் சிலிர்க்கிறது. அதுவரை உன்னை 'நீங்க, வாங்க' என்றே கூப்பிட்டு வந்தவள் நான், கோபத்தில் ஏசியதைத் தவிர. அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டு, "நீ மனுஷியே இல்லக்கா" என்றேன். அதற்கப்புறம் மரியாதை திரும்பவே இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் உன் காட்டுக் கத்தரிக்காயைக் குழம்பு வைத்து மாமனாருக்குப் பரிமாறினேன். எந்தக் காட்டுக் காய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தட்டை வழித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். கை கழுவப் போகும்போது மகனிடம், "அவங்கண்ணன் வண்டி வந்தா திருப்பி அனுப்பிரு" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய்.

அதற்குப் பின் எத்தனை கத்தரி, எத்தனை தக்காளி, எத்தனை அவரைப் பந்தல்! வருஷத்துக்கு ஒரு தடவை கொள்ளு விதைத்துப் பூவோடு மடக்குவதை மட்டும் நீ விட்டதில்லை. பாத்தியில் யாராவது கால் வைத்துவிட்டால் போச்சு. உன் கொழுந்தனார் வாங்கிய திட்டு கொஞ்சமா?

இந்தச் சித்திரையில் நீ போனாய். கல்லறைத் தோட்டமும் அதே காளவாய் மண்தானே. குழி வெட்டக் கடப்பாரை கேட்டார்கள். அந்தப் பொறி பறக்கிற சத்தம் என் காதில் விழுந்தது. வெட்டிப்போட்ட கட்டிகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் கல். ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னபோது என்னால் முடியவில்லை. அந்தக் கட்டி உன்மேல் விழுவதா? பங்குச் சாமியாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். கத்தரிப் பாத்தியிலிருந்து அள்ளிவந்து, முதல் மண்ணாக அதைத்தான் உன்மேல் கொட்டினேன். அடுத்த கூடையை உன் கொழுந்தனார் தலையில் சுமந்து கொண்டுவந்தார். கட்டிகளெல்லாம் குழியை நிரப்பியதும், அந்தக் கூடையைக் கடைசியாக உன் மேட்டில் பரப்பினோம்.

நேற்று கோயில் உபதேசியார் கூப்பிட்டு, "திருநாளு வருது, கல்லறையெல்லாம் சுத்தமா இருக்கணும்மா. ஒங்கக்கா மேல மொளச்சிருக்கற களையைப் புடுங்கிரட்டுமா?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். களையா அது? கொள்ளு! நாம் கொண்டுவந்த மண்ணில் எங்கோ ஒளிந்திருந்த விதை, மழைக்கு முளைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை உன்னைப் போர்த்திக் கிடக்கிறது. கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். பாவம், பயந்துவிட்டார்.

இன்னும் பூ விடவில்லை, அக்கா. பூ விட்ட அன்றைக்கு நானே வருவேன். கால் படாமல், கையாலேயே மடக்கி, உன்மேல் அமுக்கி மூடுவேன். எனக்கு உயிர் இருக்கும்வரை வருஷா வருஷம் விதைப்பேன். ஒரு கல்லறைத் திருநாளில் உன் தலைமாட்டில் மண்டியிட்டு விரலை வைத்துப் பார்ப்பேன். மணிக்கட்டு வரை இறங்கும்.

ஊருக்கு ஓரகத்தி, உனக்குத் தங்கச்சி,
ஆரோக்கியம்